பர்மியத் தேக்கும் ஆடம்பரப் படகுகளும்

ஆடம்பரப் படகுகளின் மேற்றளத்திற்கு மியன்மாரின் இயற்கைக் காடுகளில் விளைந்த தேக்குக்கு நிகரான மரம் வேறில்லை என மேற்குலகின் படகு கட்டுவோர் நீண்டகாலமாகக் கருதி வருகின்றனர். இதனை வெறும் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. தேக்கின் வைரப்பகுதியில் இயல்பாகவே எண்ணெய்த்தன்மை உண்டு. உப்பு நீரிலும் வெயிலிலும் மாறிமாறிக் கிடந்தாலும் அது எளிதில் உக்குவதில்லை. வெடிப்பதும் முறுகுவதும் குறைவு. தோட்டங்களில் நட்டு 20, 25 ஆண்டுகளில் வெட்டப்படும் தேக்கிலோ வைரம் குறைவு, வெளிறு அதிகம். ஆகவேதான் முதிர்ந்த மரங்களைத் தேடிக் காட்டுக்குள் செல்கின்றனர்.

காட்டை அழிக்காமல் தேக்கு எடுக்கும் முறை அங்கு இல்லாமலில்லை. 1856 இல் பிரித்தானியரால் நியமிக்கப்பட்ட ஜேர்மனியரான டீட்ரிச் பிராண்டிஸ் வகுத்த வழியில், குறித்த சுற்றளவை எட்டிய மரங்கள் மாத்திரமே தெரிந்தெடுக்கப்பட்டன. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. எனவே அடிமரத்தைச் சுற்றி வெட்டி, நின்றபடியே உலரவிட்டு, பின்னரே வீழ்த்தி ஆற்றில் விடுவர். வெட்டிய பகுதிக்கு 30 ஆண்டுகள் கழித்தே திரும்ப வேண்டுமெனப் பிற்கால விதி கூறியது.

விதி ஏட்டில் இருந்தது. இராணுவ ஆட்சியாளருக்கோ அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. 2010 முதல் 2015 வரை மியன்மார் ஆண்டுதோறும் 5 இலட்சத்து 46 ஆயிரம் ஹெக்டேயர் காட்டை இழந்ததாக ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனம் மதிப்பிட்டது. இதற்குப் பயிர்ச்செய்கையும் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. 2014 ஏப்ரலில் மரக்குற்றி ஏற்றுமதி தடைசெய்யப்பட்டபோதிலும் அறுத்த பலகைக்குத் தடை இருக்கவில்லை.

2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதையடுத்து, தேக்கு விற்பனையில் ஏகபோகம் கொண்ட அரச மரக் கூட்டுத்தாபனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வாண்டிலேயே தடை விதித்தன. 2017 இல் ஏழு இலட்சத்திற்கும் அதிகமான ரோஹிங்யா முஸ்லிம்களைப் பங்களாதேஷிற்கு விரட்டியதும் இதே இராணுவந்தான். தடைக்குப் பின்னரும் பலகை வேறு நாடுகளினூடாகச் சந்தையை அடைந்தது. மரம் சட்டப்படி வெட்டப்பட்டதென்று சான்றிதழ் கூறலாம். ஆனால் அதனை வழங்குபவரும் விற்பவரும் ஒரே அரசாங்கமாக இருக்கையில், அதனை நம்பிக் காடு பிழைக்கும் என எண்ணுவது பேதைமை.

வெப்பமூட்டிப் பதப்படுத்திய வேற்று மரங்களும் செயற்கைத் தளங்களும் இன்று கிடைக்கின்றன. ஆயினும் வாங்குவோரிற் பலர் தேக்கையே கேட்கின்றனர். மியன்மார்த் தேக்கு உள்ளிட்ட மரங்களின் மூலத்தை உரிய முறையில் ஆராயாது இறக்குமதி செய்தமைக்காக, 2023 நவம்பரில் பிரித்தானியப் படகு நிறுவனமொன்று அபராதமும் செலவுமாக 3 இலட்சத்து 58 ஆயிரம் பவுண்களுக்கு மேல் செலுத்த நேர்ந்தது. அந்நிறுவனம் கட்டும் பெரிய படகொன்றின் விலையோ பல மில்லியன் பவுண்கள்.