தட்டினால் எரியும் டார்ச் லைட்: ரிப்பேர் பண்ணலாமா, புதுசு வாங்கலாமா? ஒரு முழு கணக்கு



மியூச்சுவல் ஃபண்ட், டேக்ஸ், இன்சூரன்ஸ்னு பேசுற இடத்துல இன்னிக்கு டார்ச் லைட் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. ஒரு 300 ரூபாய் பொருள்ல நான் போட்ட தப்புக் கணக்கு எனக்கு 5,000 ரூபாய்க்கு மேல செலவு வச்சது. அதே தப்பைத்தான் நம்மில் பல பேர் மொபைல்லயும் லேப்டாப்லயும் பெரிய தொகைக்குப் பண்றோம். அதனால கடைசி வரைக்கும் படிங்க.

நடந்தது என்ன?

எங்க ஊர் மன்னார்குடி பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் வயல் இருக்கு. மோட்டார் போட ராத்திரி நேரத்துல வரப்பு மேல நடந்து போவார். அவர்கிட்ட ஒரு பழைய சார்ஜ் லைட் இருந்தது. டவுன் எலக்ட்ரிக்கல் கடையில வாங்கினது. மூணு வருஷத்துக்கு முன்னாடி அதுல சார்ஜ் நிக்கலைன்னு சொன்னார். நான் உடனே, "அப்பா, அதைத் தூக்கிப் போடுங்க, புதுசு ஆர்டர் போட்டுடறேன்"னு சொல்லி ஆன்லைன்ல 299 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கி அனுப்பினேன். அவர் பழசைத் தூக்கிப் போடல. பரண்ல வச்சிட்டார்.

புதுசு ஒரு வருஷம்கூட முழுசா ஓடல. அடுத்தது 349 ரூபாய். அதுக்கப்புறம் 399 ரூபாய். போன ஐப்பசி மாசம், நல்ல மழைக்காலம், அந்த மூணாவது லைட் வரப்புல போகும்போதே அணைஞ்சு போச்சு. இருட்டுல கால் பிசகி வாய்க்கால்ல விழுந்துட்டார். எலும்பு முறியல, ஆனா கணுக்கால் சுளுக்கி வீங்கிடுச்சு.

ஊருக்குப் போய்ப் பார்த்தப்போ கேட்டேன்: "லைட் திடீர்னு கெட்டுப் போச்சாப்பா?"

"இல்லடா. ரெண்டு வாரமாவே தட்டினாத்தான் எரிஞ்சுது."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இன்னொண்ணு ஆர்டர் போடுவ. எதுக்குத் தண்டச் செலவுன்னுதான் சொல்லல."

கிளையன்ட் கம்பெனிகளுக்கு மெஷினை ரிப்பேர் பண்ணணுமா, மாத்தணுமான்னு கணக்குப் போட்டுக் கொடுக்கறதுதான் என் தொழில். சொந்த வீட்டு லைட்டுக்கு ஒருநாளும் அந்தக் கணக்கைப் போட்டதில்ல. அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து போட்டேன்.

கணக்கு 1: விலையைப் பார்க்காதீங்க, வருஷச் செலவைப் பாருங்க

நம்ம எல்லாரும் பண்ற தப்பு இதுதான். "ரிப்பேருக்கு 170 ரூபாயா? கூட 130 போட்டா புதுசே வந்துடுமே!" கேட்க நியாயமா இருக்கும். ஆனா சரியான கேள்வி, "இந்தப் பணத்துக்கு எத்தனை மாசம் ஓடும்?"

- மலிவா மூணு லைட்: 299 + 349 + 399 = 1,047 ரூபாய். ஓடினது 3 வருஷம். வருஷத்துக்கு 349 ரூபாய்.
- பழைய லைட்டுக்குப் பேட்டரி மாத்தினா: பேட்டரி 130, கூலி 40, மொத்தம் 170 ரூபாய். ஒன்றரை வருஷம் ஓடும்னா, வருஷத்துக்குச் சுமார் 113 ரூபாய்.
- பேட்டரி மாத்தக்கூடிய நல்ல லைட்: விலை 650. நடுவுல ஒரு தடவை பேட்டரிக்கு 250. மொத்தம் 900. 5 வருஷம் ஓடினா, வருஷத்துக்கு 180 ரூபாய்.

இவை எங்க ஊர்ல நான் விசாரிச்ச விலை. உங்க ஊர்ல கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். ஃபார்முலா மாறாது: செலவு ÷ அந்தச் செலவால் கிடைக்கும் ஆயுள்.

இதுல பழைய லைட்டை எவ்வளவுக்கு வாங்கினோம்னு நான் எங்கேயும் சேர்க்கல, கவனிச்சீங்களா? அது போன பணம். நாங்க 'சங்க் காஸ்ட்'னு சொல்லுவோம். "அவ்வளவு விலை கொடுத்து வாங்கினேனே"ன்னு ரிப்பேர் பண்றதும் தப்பு, "சும்மா சல்லிசா வாங்கினதுதானே"ன்னு தூக்கிப் போடறதும் தப்பு. இனிமே ஆகப் போற செலவு, இனிமே கிடைக்கப் போற ஆயுள், இது ரெண்டு மட்டும்தான் கணக்குல வரணும்.

கணக்கு 2: ரிப்பேருக்கு அலையற நேரம்?

"சார், என் நேரத்துக்கு மதிப்பு இல்லையா?"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. மாசம் 40,000 ரூபாய் சம்பளம், 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம்னா, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 200 ரூபாய். ரெண்டு மணி நேரம் அலைஞ்சா 400 ரூபாய் போச்சுன்னு தோணும்.

ஆனா அந்தச் சனிக்கிழமை ரெண்டு மணி நேரத்துல நீங்க உண்மையிலேயே சம்பாதிச்சிருப்பீங்களா? ஓவர்டைமோ ஃப்ரீலான்ஸ் வேலையோ இருந்தா, 400 ரூபாயைச் சேருங்க. ரீல்ஸ் பார்த்துட்டு இருந்திருப்பேன்னா சேர்க்காதீங்க.

கணக்கு 3: கெட்டுப் போனா என்ன ஆகும்?

நான் சுத்தமா மறந்தது இதைத்தான். டாக்டர், எக்ஸ்ரே, மருந்து, கட்டு எல்லாம் சேர்த்து 2,640 ரூபாய். பத்து நாள் மோட்டார் போட ஆள் வச்சதுக்கு ஒரு நாளுக்கு 150 வீதம் 1,500. ஆக 4,140 ரூபாய். மூணு லைட் விலையையும் சேர்த்தா 5,187. அதாவது வருஷத்துக்கு 1,729 ரூபாய்! 113 ரூபாய்ல முடிய வேண்டிய விஷயம்.

சுளுக்கோட போச்சேன்னு நினைச்சுக்கிட்டேன். 2020-ல் வெளியான ஒரு ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு கிராமங்களில். கட்டுவிரியன் ராத்திரியில நடமாடுற பாம்பு. வரப்புல நடக்கிறவருக்கு டார்ச் லைட் என்பது வசதி இல்ல, பாதுகாப்பு.

அதனால பொருளை ரெண்டு வகையாப் பிரிச்சுக்கோங்க. கெட்டுப் போனா எரிச்சல் மட்டும் வரும்னா, மெதுவா ரிப்பேர் பண்ணலாம். கெட்டுப் போனா ஆபத்துன்னா, முதல் அறிகுறியிலேயே சரி பண்ணணும், கூடவே இன்னொண்ணு ஸ்பேர் இருக்கணும். பைக் பிரேக், கேஸ் டியூப், ஹெல்மெட் எல்லாம் ரெண்டாவது வகைதான்.

"போன்லயே டார்ச் இருக்கே சார்?"

இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ சென்னையில இருந்தவங்களைக் கேளுங்க. பல ஏரியாவில் நாள் கணக்கில் கரண்ட் இல்ல. போன் சார்ஜ்தான் அப்போ உயிர்நாடி. அதை வெளிச்சத்துக்குச் செலவு பண்ணிட்டா, உதவிக்குக் கூப்பிட வழி இருக்காது. எல்லாப் பணத்தையும் ஒரே ஷேர்ல போடாதீங்கன்னு சொல்றோமே, அதே லாஜிக்தான். வெளிச்சம் தனியா இருக்கட்டும், போன் தனியா இருக்கட்டும்.

ரிப்பேருக்குப் போகும் முன்: 10 நிமிஷச் சோதனை

பல டார்ச் லைட் உண்மையில் கெட்டே போயிருக்காது.

1. தட்டினா எரியுதா? பெரும்பாலும் கான்டாக்ட் பிரச்சினை. கட்டை போடுற லைட்னா, கட்டையை வெளியே எடுத்துட்டு ஸ்பிரிங்கையும் தகட்டையும் நைஸ் உப்புத்தாளால லேசாத் தேய்ங்க. செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்.
2. உள்ளே வெள்ளைப் பொடி படிஞ்சிருக்கா? கட்டை கசிஞ்சிருக்கு. கையுறை போட்டுக்கோங்க, கண்ல படாம பார்த்துக்கோங்க. அல்கலைன் கட்டைன்னா பஞ்சுல கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைச்சு, அப்புறம் ஈரத்துணியால துடைச்சு, நல்லாக் காய வைங்க.
3. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் பத்து நிமிஷத்துல மங்குதா? பேட்டரி போச்சு. அதை மட்டும் மாத்தினா போதும்.
4. சார்ஜே ஏறலையா? முதல்ல வேற கேபிள் போட்டுப் பாருங்க. அப்புறம் சார்ஜிங் பின் ஆடுதான்னு பாருங்க. பத்து நிமிஷ சால்டரிங் வேலை.

ஒரு எச்சரிக்கை. பழைய மாடல் சார்ஜ் லைட்ல 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். அதுக்குப் பதிலா "லித்தியம் நல்லா உழைக்கும்"னு மாத்திப் போடாதீங்க. ரெண்டுக்கும் சார்ஜ் ஆகுற முறை வேற. பழைய சார்ஜர் சர்க்யூட்ல லித்தியம் பேட்டரியைப் போட்டா தீப்பிடிக்கக்கூட வாய்ப்பு இருக்கு. அதே வகை, அதே வோல்ட்தான் போடணும்.

எப்போ ரிப்பேர் வேண்டாம்?

- லித்தியம் பேட்டரி உப்பியிருந்தா. அதைக் குத்தவோ, அமுக்கவோ, திரும்ப சார்ஜ் போடவோ கூடாது.
- பாடி விரிசல் விட்டு உள்ளே தண்ணி போகுதுன்னா.
- ஒட்டி மூடின மாடல், உடைக்காம திறக்கவே முடியாதுன்னா.
- ஒரு வருஷத்துல ரெண்டு தடவைக்கு மேல ரிப்பேர் ஆயிருந்தா. நீங்க போட்ட 'ஆயுள்' கணக்கு தப்புன்னு அர்த்தம்.

ஆபீஸ் கணக்குலயும் இதே பிரிவுதான். இருக்கற மெஷினை ஓட வைக்கிற செலவு 'ரெவின்யூ', அந்த வருஷக் கணக்குலயே போயிடும். புது மெஷின் 'கேப்பிட்டல்', பல வருஷத்துக்குப் பிரிச்சு எழுதுவோம். வீட்டுலயும் ரெண்டுக்கும் தனியா மாசம் கொஞ்சம் எடுத்து வச்சா, எது கெட்டாலும் கிரெடிட் கார்டைத் தேட வேண்டியதில்ல.

புதுசுதான் வாங்கணும்னா

- ஸ்க்ரூ இருக்கா? திறந்து பேட்டரி மாத்த முடியற மாடலா பாருங்க. இது ஒண்ணு மட்டுமே ஆயுளை இரட்டிப்பாக்கும்.
- எல்லாக் கடையிலும் கிடைக்கிற பேட்டரியா? ஏஏ கட்டை, 18650 செல் மாதிரி பொதுவான அளவு நல்லது.
- அளவுக்கு மீறின நம்பரை நம்பாதீங்க. நல்ல தரமான 18650 செல்லே சுமார் 3,500 எம்ஏஎச்தான் வரும். ஒரே செல்லுக்கு 9,900 எம்ஏஎச்னு போட்டிருந்தா, அந்த லைட்டைப் பத்தி மத்ததெல்லாமும் அப்படித்தான் இருக்கும்.
- ஐபிஎக்ஸ்4 இருந்தா தண்ணி தெறிச்சாத் தாங்கும். மழையில போறவங்களுக்கு இது முக்கியம்.
- பில். வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்து வைங்க. வாரன்டி இருந்தும் மாத்தித் தர மறுத்தா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

வாங்கினதுக்கு அப்புறம்: லெட் ஆசிட் பேட்டரியை சார்ஜ் தீர்ந்த நிலையில மாசக்கணக்குல போட்டு வைக்காதீங்க. உள்ளே சல்ஃபேட் படிஞ்சு பேட்டரி செத்துடும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போடுங்க. கட்டை போடுற லைட்டை ரொம்ப நாள் பயன்படுத்தலைன்னா, கட்டையைக் கழட்டி வைங்க. செத்த பேட்டரியைக் குப்பையில போடாதீங்க, வாங்கின கடையிலயே கொடுங்க. லெட் ஆசிட்னா உள்ள இருக்கற ஈயத்துக்கு விலை உண்டு. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இருக்கு.

இதே கணக்கு உங்க போனுக்கு

போன் சீக்கிரம் சார்ஜ் இறங்குது. பேட்டரி மாத்த 2,500 ரூபாய். புது போன், 'நோ காஸ்ட் இஎம்ஐ', மாசம் 1,800 ரூபாய், 18 மாசம். மொத்தம் 32,400. பேட்டரி மாத்தினா இந்த போன் இன்னும் 18 மாசம் ஓடும்னா, 2,500-ல முடியற வேலைக்கு 32,400 கொடுக்கறீங்க. வித்தியாசம் 29,900. செக்யூரிட்டி அப்டேட் நின்னு போச்சு, பேங்க் ஆப் வேலை செய்யலன்னா புதுசு வாங்குங்க, தப்பே இல்ல. ஆனா கணக்குப் போட்டுட்டு வாங்குங்க.

இப்போ அப்பா லைட்?

பரண்ல இருந்த பழைய லைட்டை எடுத்துட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாலு ஸ்க்ரூ கழட்டிப் பார்த்துட்டு, "பேட்டரி மட்டும்தான் தம்பி போயிருக்கு. ஒழுங்கா சார்ஜ் போட்டா ஒன்றரை வருஷம் தாங்கும்"னார். 170 ரூபாய், இருபது நிமிஷம். கூடவே ஸ்பேருக்கு 650 ரூபாய்ல நல்ல லைட் ஒண்ணு வாங்கினேன்.

அப்பா பழசைத்தான் கையில எடுத்துட்டுப் போறார். புதுசு வாசல் ஆணியில தொங்குது. ஒண்ணாம் தேதி எனக்கு சம்பளம் வந்ததும் போன் பண்ணி, "ரெண்டு லைட்டும் எரியுதாப்பா?"ன்னு கேப்பேன். தட்டாமலே எரியுதுன்னு சொல்லுவார்.

நீங்களும் இந்த வாரம் உங்க வீட்டு லைட்டை ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்க. ஊர்ல அப்பா அம்மா இருந்தா, எந்தப் பொருளைத் தட்டித் தட்டி ஓட்டிட்டு இருக்காங்கன்னு கேளுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க. என்ன பதில் வந்ததுன்னு கமெண்ட்ல எழுதுங்க. மிக்ஸி, ஃப்ரிட்ஜ், பைக் மாதிரி பொருள்களுக்கு இதே கணக்கை அடுத்த வீடியோவுல போட்டுக் காட்டறேன்.