பீரோவில் இருக்கும் போன்

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தாமலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா இறந்துபோகிறார். காரியம் முடிந்ததும் அவருடைய போனை அணைத்து, பத்திரங்களோடு இரும்பு பீரோவில் வைக்கிறார்கள். அவர் பேசி அனுப்பிய குரல் பதிவுகள் அதில் இருக்கின்றன. பேத்தியின் காதுகுத்துப் படங்கள் இருக்கின்றன. சொத்தைப் பிரித்து அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட்ட பழைய கூர்சீட்டு மடிப்பில் கிழியத் தொடங்கியபோது அவர் எடுத்துவைத்த படமும் இருக்கிறது. பேட்டர்ன் லாக் அவருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் யாரும் எதையும் அழிக்கவில்லை.

ஒரு ப்ரீபெய்டு எண்ணில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். இருப்பில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் தருவார்கள். துண்டித்த எண்ணை அடுத்த 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம். ஆக, ஏறக்குறைய ஆறு மாதத்தில் அப்பாவின் எண்ணை அழைத்தால் முன்பின் தெரியாத ஒருவர் எடுக்கக்கூடும். ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவு எண்ணும் இனி அந்த ஆளுக்குத்தான் போகும்.

வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படாமல் கிடந்தால் நீக்கப்படும். கூகுளில் சேமித்த அதன் காப்பு நகல் ஐந்து மாதம் புதுப்பிக்கப்படாவிட்டால் அதுவும் போய்விடலாம். போகாமல் இருந்தாலும், அதை வேறொரு போனில் மீட்க அதே எண்ணுக்கு ஓடிபி வர வேண்டும். அந்த எண் கைவிட்டுப் போயிருக்கும்.

உயிரோடு இருப்பவர்களின் போனில் இழப்பு வேறு வழியில் வருகிறது. 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று போன் சொல்கிறது. எதையாவது அழித்தாக வேண்டும். வாட்ஸ்அப்பின் சேமிப்புப் பட்டியல் 5 எம்பிக்கு மேற்பட்டவற்றையும் பலமுறை பகிரப்பட்டவற்றையும் தனியாகப் பிரித்துக் காட்டும். பட்டியல் பார்ப்பது எடையை. கல்யாண வீடியோ மேலே வந்து நிற்கும். ஒரு நிமிடக் குரல் பதிவு 200 கேபிகூட வராது. காலை வணக்கப் படமும் ஏறக்குறைய அதே அளவுதான். படத்தை இன்னொரு தடவை யாராவது அனுப்புவார்கள். அப்பாவின் குரலை அனுப்ப ஆள் இல்லை.

கூகுள் போட்டோஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று போனில் மட்டும் இடத்தைக் காலி செய்யும். இன்னொன்று போனிலும் கூகுளிலும் சேர்த்தே அழிக்கும். காரணம், அங்கே நடப்பது ஒத்திசைவு: ஓரிடத்தில் செய்த மாற்றம் எல்லா இடத்திலும் நடந்துவிடும். அழித்த படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். காப்பு எடுக்காத படம் 30 நாள். அதற்குப் பிறகு இல்லை. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் இலவச 15 ஜிபி கணக்கில் சேர்கின்றன. அந்த 15 ஜிபியில் மின்னஞ்சலுக்கும் பங்கு உண்டு.

எதை அழிக்கலாம் என்பதற்கு எளிய சோதனை ஒன்று போதும்: இது இல்லாமல் போனால் திரும்ப யார் தருவார்? பட்டாவின் ஸ்கிரீன்ஷாட்டை அழிக்கலாம். அரசின் இணையதளத்தில் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். வில்லங்கச் சான்றும் அப்படியே. பதிவு செய்யாத கூர்சீட்டு எந்த அலுவலகத்திலும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, நனைந்துபோன சான்றிதழ்களுக்கு நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. வீட்டுப் படங்களுக்கு நகல் தர யாராலும் முடியவில்லை.

எதைக் காக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்தவர்கள் உண்டு. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர்ச் சபை கி.பி. 919இலும் 921இலும் வாரியத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டியது. 30 குடும்புகளிலிருந்து, அதாவது வார்டுகளிலிருந்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கவைத்தார்கள். அந்த ஓலைகளில் ஒன்றும் இன்று இல்லை. விதி 1,100 ஆண்டுகளாகக் கோயில் சுவரில் இருக்கிறது. எதற்கு ஓலை போதும், எது கல்லுக்குப் போக வேண்டும் என்பதைச் சபை முன்கூட்டியே முடிவு செய்திருந்தது.

அப்படி முடிவு செய்யாத அரசுகளும் உண்டு. தென்கொரியாவில் அரசு ஊழியர்கள் கோப்புகளை அலுவலகக் கணினியில் வைக்காமல் ஜி-டிரைவ் என்ற மையச் சேமிப்பில் வைக்கும்படி அறிவுறுத்தப்பட்டார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரிலுள்ள தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்தது. அடங்க ஒரு நாளாயிற்று. ஜி-டிரைவில் இருந்தது 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே நகல் எடுத்து வைக்கவில்லை.

நகல் இருப்பதாக நம்புவதும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். நிறுவனத்திடம் ஐந்து காப்பு முறைகள் இருந்தன. ஒன்றுகூட உரியபடி வேலை செய்யவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்திருந்த ஒரு நகல் காப்பாற்றியது.

தரவுக் காப்புத் துறையினர் சொல்லும் கணக்கு மூன்று, இரண்டு, ஒன்று: மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறிடத்தில். தாமல் வீட்டில் இருப்பது ஒரு பிரதி. அதுவும் மின்சாரம் இல்லாத பீரோவில். போனின் நினைவகம் தகவலை மின்னேற்றமாகப் பிடித்து வைத்திருக்கிறது. மின்னேற்றம் மெல்லக் கசியும். வெப்பத்தில் வேகமாகக் கசியும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும்.

730ஆம் நாள். இரண்டு ஆண்டு பயன்படாத தனிநபர் கணக்கை, அதிலுள்ள படங்களோடு சேர்த்து, கூகுள் நீக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து இந்த விதி நடப்பில் இருக்கிறது. நீக்குவதற்கு முன் பல எச்சரிக்கைகள் அனுப்பப்படும். அவை போவது அதே கணக்கின் மின்னஞ்சலுக்கும், மீட்பு முகவரி கொடுத்திருந்தால் அதற்கும்.

தனக்குப் பிறகு அந்தக் கணக்கிலுள்ளவற்றை யார் எடுத்துக்கொள்ளலாம் என்று பத்துப் பேர் வரை குறித்துவைக்க 2013 முதல் கூகுளில் ஒரு வசதி இருக்கிறது. கணக்கின் அமைப்புகளுக்குள் போய், அதன் உரிமையாளரே அதைச் செய்ய வேண்டும்.