மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் நகரை ஒட்டி இருக்கிறது ஜான்ஸ் தீவு. 1950களில் அங்கு வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். வயல் வேலையும் நகரத்துக் கூலி வேலையும் அவர்களுக்குப் பிழைப்பு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க விரும்புகிறவர், மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை அதிகாரி முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். கல்வியையும் கொடுக்காமல், படிக்கத் தெரியவில்லை என்று சொல்லி வாக்கையும் பறித்த ஏற்பாடு இது.

தீவிலிருந்து நகரத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டியவர் எஸா ஜென்கின்ஸ். போகிற வழியில் பயணிகளுக்கு அந்தச் சட்டப் பகுதிகளை அவரே சொல்லிக்கொடுப்பார். கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து, பெயரையும் பதிந்துகொண்ட ஒரு பெண், தனக்கு உண்மையாகவே படிக்கத் தெரிய வேண்டும் என்று கேட்டார். ஓடும் பேருந்தில் அதற்கு வழியில்லை.

வழி டென்னசி மாநிலத்து மலைப்பகுதியிலிருந்து வந்தது. டென்மார்க்கின் மக்கள் பள்ளிகளை நேரில் பார்த்துவிட்டு வந்த மைல்ஸ் ஹார்ட்டன், டான் வெஸ்ட்டுடன் சேர்ந்து 1932இல் அங்கே ஹைலேண்டர் மக்கள் பள்ளியைத் தொடங்கியிருந்தார். பட்டம், தேர்வு எதுவும் அங்கே கிடையாது. ஊர்ச் சிக்கலோடு வருகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். ஊர் திரும்பி என்ன செய்யப்போகிறோம் என்பதை முடிவுசெய்துகொண்டு கிளம்புவார்கள். நிறப் பிரிவினை சட்டமாக இருந்த காலத்தில் இரு இனத்தவரும் ஒரே மேசையில் சாப்பிட்ட இடம் அது. 1955 கோடையில் அங்கு வந்திருந்தவர்களில் ரோசா பார்க்ஸும் ஒருவர். அந்த டிசம்பரில்தான் மான்ட்கமரி பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார்.

ஜென்கின்ஸை ஹைலேண்டருக்கு அழைத்துச் சென்றவர் செப்டிமா கிளார்க். இளம் வயதில் ஜான்ஸ் தீவிலேயே ஆசிரியையாக இருந்தவர். கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் அரசு ஊழியர் யாரும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று 1956இல் மாநிலம் சட்டம் போட்டது. சங்கத்தை விட்டு விலக அவர் மறுத்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆசிரியப் பணியும் ஓய்வூதியமும் பறிபோயின. பிறகு ஹைலேண்டரிலேயே பயிற்சிப் பொறுப்பை ஏற்றார்.

ஹைலேண்டர் கொடுத்த கடனில் தீவு மக்கள் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றை வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்னறையில் வகுப்பு. கடைக்கு ஆட்கள் வந்து போனால் வெள்ளையர் யாருக்கும் சந்தேகம் வராது. 1957 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. பாடம் நடத்தப் பொறுப்பேற்ற பெர்னிஸ் ராபின்சன் அழகு நிலையம் நடத்தியவர், தையலும் அறிந்தவர், ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். தேர்ந்த ஆசிரியர் பெரியவர்களைப் பிள்ளைகள்போல நடத்திவிடக்கூடும் என்பதால் வேண்டுமென்றே செய்த தேர்வு இது. வெள்ளையரிடம் சம்பளம் வாங்காத தொழில் என்பதால், அவரை வேலையிலிருந்து நீக்கி மிரட்டவும் முடியாது.

என்ன கற்க வேண்டும் என்று வந்தவர்களையே அவர் கேட்டார். சிலர் தம் பெயரை எழுத விரும்பினார்கள். சிலர் பைபிள் படிக்க, சிலர் மணியார்டர் படிவம் நிரப்ப விரும்பினார்கள். அவையே பாடங்களாயின. கூடவே வாக்காளர் பதிவுப் படிவமும் இருந்தது, சுவரில் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் தொங்கியது. முதல் ஆண்டிலேயே பலர் வாக்காளர்களானார்கள். பக்கத்துத் தீவுகளான வாட்மலாவும் எடிஸ்டோவும் தங்களுக்கும் வகுப்பு வேண்டுமென்று கேட்டன.

ஓர் ஊரில் வகுப்பு தொடங்கும் முன்பே அங்கே ஒரு கூட்டணி தேவைப்பட்டது. இடம் தர வேண்டும், ஆள் திரட்ட வேண்டும், மிரட்டல் வந்தால் கூட நிற்க வேண்டும். தேவாலயம், கடை, குடும்பங்கள் எல்லாம் அந்த வேலையில் ஒன்றுக்கொன்று நெருங்கின. வகுப்பு முடிந்தும் அந்த உறவு கலையவில்லை. ஜான்ஸ் தீவுப் பகுதியில் ஜென்கின்ஸும் உடனிருந்தவர்களும் குறைந்த வட்டிக் கடன் சங்கம் வரை சென்றார்கள்.

எதிர்ப்பும் வந்தது. 1959இல் காவல்துறை ஹைலேண்டரைச் சோதனையிட்டு கிளார்க்கைக் கைது செய்தது. 1961இல் டென்னசி அரசு பள்ளியின் உரிமத்தை ரத்து செய்து சொத்துகளை எடுத்துக்கொண்டது. நல்லவேளையாக, குடியுரிமைப் பள்ளி என்று பெயர்பெற்ற இந்த வகுப்புகளின் திட்டம் அந்த ஆண்டே மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்கு மாறியது. ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்தில் கிளார்க், டோரதி காட்டன், ஆண்ட்ரூ யங் மூவரும் தென் மாநிலங்களிலிருந்து வந்தவர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். ஊர் நம்பும் ஆட்களையே தேடி எடுத்தார்கள்: விவசாயி, சமையல் வேலை செய்பவர், பாட்டி. மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத் தொழிலாளியாக இருந்த ஃபானி லூ ஹேமரும் இந்தப் பயிற்சிக்கு வந்தார். 1963 ஜூனில் சார்ல்ஸ்டனில் நடந்த பயிற்சியிலிருந்து திரும்பும் வழியில் மிசிசிப்பியின் வினோனா ஊர்ச் சிறையில் அவரை அடித்து நொறுக்கினார்கள். மறு ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அதை நாடறியச் சொன்னார்.

பெரும்பாலும் பெண்கள் சுமந்த வேலை இது. ஆனால் மேடைகளிலும் முடிவெடுக்கும் கூட்டங்களிலும் ஆண்களே இருந்தார்கள்; கிளார்க் இதைப் பலமுறை வெளிப்படையாகக் கண்டித்தார். இந்த இயக்கத்தின் வரலாற்றில் அவர் பெயர் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

1965 வாக்குரிமைச் சட்டம் தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தியது. அதற்குள் ஏராளமானோர் இந்தப் பயிற்சியைப் பெற்று, தத்தம் ஊர்களில் வகுப்பு நடத்தியிருந்தார்கள். ஒரு காலத்தில் பணிநீக்கம் செய்யப்பட்ட கிளார்க், 1970களில் சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளி வாரியத்துக்குத் தேர்தலில் வென்று உறுப்பினரானார்.