"என்னா, இவ்வளவு சின்னதா இருக்கு?"

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது பெயரையல்ல, எடையைத்தான். இரண்டு கிலோ முந்நூறு என்று சொன்னால் போதும், "என்னா, இவ்வளவு சின்னதா இருக்கு?" என்று ஒரு குரல் எழும். கேட்டவர் மறந்துவிடுவார், தாய்க்கு அன்றிரவு தூக்கம் போய்விடும்.

2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால் அது எடை குறைந்த பிறப்பு. மாதம் நிறையாமல் பிறந்திருக்கலாம். மாதம் நிறைந்தும் கருவில் வளர்ச்சி குறைந்திருக்கலாம். தாயின் ரத்தசோகை, ரத்தக் கொதிப்பு, இரட்டைக் கரு எனக் காரணங்கள் பல.

இக்குழந்தைகளுக்கு முதல் எதிரி குளிர். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா, குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துவைக்கச் சொன்னார். அதுவே கங்காரு பராமரிப்பு. பிறந்த உடனேயே இதைத் தொடங்கலாம் என்று 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இதற்குப் பெரிய செலவு கிடையாது. அப்பாவும் செய்யலாம். ஏர்கோனை மட்டும் கொஞ்சம் குறைத்துவையுங்கள்.

அடுத்தது பால். இந்தக் குழந்தைகள் சீக்கிரம் களைத்துத் தூங்கிவிடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். "சீனித் தண்ணி கொடு, தேன் தொட்டு வை" என்பார்கள். தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றை வீணாக நிரப்பும். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து, அதிலிருக்கும் கிருமி நரம்புகளைத் தாக்கக்கூடும்.

குழந்தையைக் கொழுகொழுவென்று ஆக்கும் அவசரமும் வேண்டாம். புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புனே குழந்தைகளுக்குத் தசை குறைவு. தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. பின்னாளில் இனிப்புநீர் நோய்க்கு இடம் கொடுக்கும் உடல்வாகு இது என்பது ஆய்வாளர்களின் கருத்து. நம் குடும்பங்களில் அந்த நோய் எத்தனை பேருக்கு என்று எண்ணிப் பாருங்கள்! புட்டிப்பாலைக் கெட்டியாகக் கலக்கி எடையை ஏற்றாதீர்கள். கிளினிக்கில் மிஸ்ஸி புத்தகத்தில் போடும் வளர்ச்சிக் கோடு சீராக ஏறுகிறதா என்று பாருங்கள்.

இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை, ஆறாம் மாதத்தில் நான்கு மாதப் பிள்ளை செய்வதைச் செய்தாலே சரி. ஆனால் தடுப்பூசிக்கு இந்தக் கணக்கு கிடையாது; 2, 3, 5-ஆம் மாத ஊசிகளைப் பிறந்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, உடம்பு சில்லிட்டாலோ அடுத்த கிளினிக் தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.