திருச்சிக்கு சென்னையை விட யாழ்ப்பாணம்தான் பக்கம்!

திருச்சிக்காரர் யாரிடமாவது, "சென்னை பக்கமா, யாழ்ப்பாணம் பக்கமா?" என்று கேட்டுப் பாருங்கள். "இது என்னய்யா கேள்வி, சென்னைதான்" என்பார்.

பூகோளப் படத்தில் நூல் பிடித்துப் பார்த்தால் கதை வேறு! திருச்சி விமான நிலையத்தில் இருந்து சென்னை மீனம்பாக்கம் ஆகாய மார்க்கமாக சுமார் 290 கிலோ மீட்டர். யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையமோ சுமார் 185 கிலோ மீட்டர்தான். நேர்கோடு பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பக்கமாகப் போய் பாக் ஜலசந்தியைத் தாண்டுகிறது. பாதி தரை, பாதி கடல்.

இந்த தூரத்தைக் கடக்க ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கல்யாணமோ, சாவோ, திருச்சியில் இருந்து கொழும்புக்குப் பறக்க வேண்டும். அது 400 கிலோ மீட்டருக்கு மேல். அங்கிருந்து பஸ்சிலோ, ரெயிலிலோ வடக்கே இன்னொரு 400 கிலோ மீட்டர். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான்! சாவுக்குப் போகிறவர் காடாற்றுக்குத்தான் போய்ச் சேருவார்.

பலாலி ஒன்றும் புது இடம் அல்ல. 1947-ம் ஆண்டு டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பில் இருந்து இங்கே இறங்கித்தான் சென்னைக்கு வந்தது. பிறகு வந்த போரில் அது ராணுவத்தின் கைக்குள் போய்விட்டது. 2019-ம் ஆண்டு அக்டோபர் 17-ந்தேதி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். சென்னை விமானம் வந்தது. கொரோனாவால் 2020-ல் நின்றது; 2022 டிசம்பரில் மறுபடி பறந்தது. திருச்சிக்கு நேரடி சேவையை இண்டிகோ நிறுவனம் 2025-ம் ஆண்டு மார்ச் 30-ந்தேதி தொடங்கியது.

ஏன் ஒரு மணி நேரம்?

இதில் விடுவது ஏ.டி.ஆர். ரக சின்ன விமானம். மணிக்கு 500 கிலோ மீட்டர் வேகம் போகும். அப்படியானால் 22 நிமிடம்தானே ஆக வேண்டும், கால அட்டவணையில் ஏன் சுமார் ஒரு மணி நேரம்?

அட்டவணை நேரம் என்பது வானத்தில் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. நின்ற இடத்தில் இருந்து நகர்ந்தது முதல், போய் நிற்கும் வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும். மேலே ஏறும்போது முழு வேகம் கிடையாது. ஏறி முடித்து மூச்சு விடுவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். காற்று எந்தப் பக்கமோ அதற்கு எதிர்முகமாக இறங்க ஒரு சுற்று. தாமதத்துக்கு என்று கொஞ்சம் கைவசம். எல்லாம் சேர்ந்து அந்த ஒரு மணி.

இரண்டு ஊரிலும் மணி ஒன்றுதான். கைக்கடிகாரத்தைத் திருப்பும் வேலை இல்லை. ஆனாலும் வெளிநாடு ஆச்சே! ஒரு மணி நேரப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து முகாம்

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. இலங்கையில் இருந்து தப்பி வந்த அகதிகள் முகாம். விமானச் சத்தம் தினமும் காதில் விழும்.

டிக்கெட் பணம் கையில் இருந்தாலும் அவர்கள் நினைத்தவுடன் ஏறிவிட முடியாது. உயிர் பிழைக்க படகு ஏறியவர்கள் பாஸ்போர்ட்டா எடுத்து வந்தார்கள்? இலங்கை துணைத் தூதரகத்தில் பயணப் பத்திரம் வாங்க வேண்டும். இந்திய அரசின் வெளியேறும் அனுமதியும் வேண்டும். இங்கேயே பிறந்த பிள்ளை என்றால் பிறப்புச் சான்றிதழில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.