பாதியில் நின்ற கட்டடம், வராத கட்டணம்

கட்டுமானம் பாதியில் நின்றுபோனால், பொறியாளருக்கும் ஆர்க்கிடெக்டுக்கும் சேரவேண்டிய கட்டணமும் பெரும்பாலும் கூடவே நின்றுவிடுகிறது. 'கட்டடமே எழும்பவில்லை, பணம் எதற்கு?' என்பது உரிமையாளர் தரப்பின் வழக்கமான வாதம். இந்தியச் சட்டம் இதை ஏற்பதில்லை. செய்து முடித்த வேலைக்கு ஒப்பந்தப்படி கூலி உண்டு. தெளிவான ஒப்பந்தம் இல்லாத நிலையிலும், இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்த வேலையின் பயனை ஒருவர் அனுபவித்தால் ஈடு தரவேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு.

முதல் வேலை, எதுவரை முடிந்தது என்பதை உறுதிசெய்வது. கொடுத்த வரைபடங்கள், தளத்தில் எடுத்த அளவுகள், தேதியிட்ட புகைப்படங்கள், வாட்ஸ்அப் செய்திகள், வந்த தொகை ஆகியவற்றைத் தொகுத்து, கட்டவாரியாக இறுதி பில் தயாரித்து எழுத்துமூலம் அனுப்ப வேண்டும். 'பாக்கி இவ்வளவு உண்டு' என்று உரிமையாளர் கையொப்பமிட்டுத் தந்தால் அது வலுவான சான்று.

காலக்கெடு மிக முக்கியம். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குத் தொடரப் பொதுவாக 3 ஆண்டுகளே உண்டு. 'வேலை மறுபடி தொடங்கட்டும், பார்க்கலாம்' என்ற வாய்வார்த்தையை நம்பிக் காத்திருந்தாலும் இந்தக் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். கெடு முடிவதற்குள் உரிமையாளர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால் அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும்.

பில்லுக்குப் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். உரிமையாளர் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் புகார் தரலாம்.

மத்திய அரசின் உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் கூடுதல் வழி தருகிறது. ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும் பணம் தர 45 நாட்களுக்கு மேல் அவகாசம் கிடையாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டுவட்டி சேரும். புகாரை அச்சட்டத்தின்கீழ் அமைந்த 'வசதிப்படுத்தும் கவுன்சில்' விசாரிக்கும். வரைபடம், ஆலோசனை போன்ற சேவைகளுக்கு இது பொருந்தும். முழுக் கட்டுமான ஒப்பந்தம் இதில் அடங்குமா என்பதில் தீர்ப்புகள் வேறுபடுகின்றன.

இந்தக் கவுன்சில் வழி இல்லாதவர்கள், ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கான விதி இருந்தால் அந்த வழியே செல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றம். வணிகத் தகராறு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாததாக இருந்தால் வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே, அவசர இடைக்கால நிவாரணம் கோராத வழக்குகளில் முதலில் சமரசத்துக்கு முயல்வது கட்டாயம். சமரசத்திலேயே தவணை முறையில் தீர்வதும் உண்டு.

அடுத்த ஒப்பந்தத்திலேயே முன்பணம், கட்டவாரியான தொகை, வேலை நின்றால் என்ன தரவேண்டும் என்ற மூன்றையும் எழுதிக்கொள்வதே நல்லது.