எலும்புக்குள் ஓர் உலகம் – 7: வலியோடு சேர்ந்து கரையும் எலும்பு

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு ஏன் வேகமாகத் தேய்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அது வயதின் வேலை. இந்த வாரம் பேசப்போகும் தேய்மானம் வயதைப் பார்க்காது. முப்பது வயது ஆணுக்கும் வரும். அதற்குக் காரணம் ஒரு சின்ன மாத்திரை.

ஜொகூரில் ரெங்கம், லாயாங் லாயாங், குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் உழைத்த நம் மூத்தவர்களில் முட்டிவலி, இடுப்புவலி இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த வலிக்கு மருத்துவமனையில் காத்திருப்பதைவிட, பசார் மாலாமில் கிடைக்கும் ஜாமு மாத்திரையை வாங்குவது சுலபம். "மூலிகைதான், ஒன்றும் செய்யாது" என்பார் விற்பவர். மறுநாளே வலி பறந்துவிடும். பசி கூடும், உடம்பில் தெம்பு வந்ததுபோல் இருக்கும்.

சந்தேகம் வரவேண்டிய இடமே அதுதான். பல ஆண்டுத் தேய்மான வலியை ஒரே இரவில் போக்கும் மூலிகை கிடையாது. மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் (என்.பி.ஆர்.ஏ.) பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்ற பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பலமுறை கண்டுபிடித்து, பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. வலிமையும் அதிகம். பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு 5 மில்லிகிராம் அளவில் செய்யும் வேலையை முக்கால் மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் செய்துவிடும்.

ஆனாலும் ஸ்டீராய்டை எதிரியாகப் பார்ப்பது தவறு. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முறையாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் போட்டார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். இது தொடர்பான ஆராய்ச்சிக்காக ஃபிலிப் ஹெஞ்ச், எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்துமா, லூபஸ், முடக்குவாதம் எனப் பல நோய்களில் இன்றும் உயிரையும் உறுப்பையும் காப்பது இந்த மருந்துக் குடும்பம்தான். கோவிட் காலத்தில், உயிர்வாயு தேவைப்பட்ட நோயாளிகளிடையே டெக்ஸாமெத்தசோன் மரணத்தைக் குறைப்பதை 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியது.

ஆபத்தும் புதிதாகத் தெரியவந்ததல்ல. உடலே ஸ்டீராய்டை அளவுக்கு மீறிச் சுரந்தால் முகம் உருண்டு, தோல் மெலிந்து, முதுகெலும்பு நொறுங்குவதை 1932இலேயே மருத்துவர் ஹார்வி குஷிங் பதிவு செய்திருந்தார். மாத்திரையாக உள்ளே போனாலும் எலும்புக்கு நேர்வது அதேதான்.

எலும்புக்குள் என்ன நடக்கிறது? இத்தொடரின் தொடக்கத்தில் பார்த்த மூன்று செல்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பழைய எலும்பைக் கரைக்கும் செல், புதிய எலும்பைக் கட்டும் செல், கட்டிய எலும்புக்குள்ளேயே பல ஆண்டுகள் வாழ்ந்து எங்கே விரிசல் என்று தகவல் தரும் உறை செல். நெடுஞ்சாலைப் பராமரிப்பில் ஒரு குழு பழைய தாரைப் பெயர்த்தெடுக்க, பின்னாலேயே இன்னொரு குழு புதிய தார் போடுவதுபோலத்தான் எலும்பும் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. ஸ்டீராய்டு, பெயர்க்கும் குழுவை விட்டுவிட்டுத் தார் போடும் குழுவை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

1998இல் ராபர்ட் வைன்ஸ்டைன், ஸ்டாவ்ரோஸ் மனோலகஸ் குழுவினர் எலிகளுக்குப் பிரெட்னிசோலோன் கொடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பில் கட்டும் செல்களின் தற்சாவு மூன்று மடங்கானது. எலும்பின் ஒரு பகுதியில் 28 சதவீத உறை செல்கள் செத்துக்கொண்டிருந்தன. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட மனிதர்களின் எலும்புத் துணுக்குகளிலும் இதே சாவைக் கண்டார்கள். உறை செல் செத்துப்போனால் விரிசலைச் சொல்ல ஆளில்லை. ஸ்கேனில் அடர்த்தி பெரிதாகக் குறையாதபோதே எலும்பு முறிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சாவுக்குத் துணைபோவது ஆக்சிஜனேற்ற அழுத்தம். செல் மூச்சுவிடும்போதே வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவற்றை அணைக்கும் நொதிகளும் செல்லுக்குள்ளேயே உண்டு. ஸ்டீராய்டு இந்தச் சமநிலையைக் குலைக்கிறது. அணைக்கப்படாத மூலக்கூறுகள் செல்லின் சவ்வையும் மரபுப்பொருளையும் தாக்குகின்றன. புதிய கட்டும் செல்கள் உருவாவதற்கான சமிக்ஞையும் தடைபடுகிறது.

அப்படியானால் அந்த மூலக்கூறுகளை அணைத்து எலும்புச் செல்லைக் காப்பாற்ற முடியுமா? இந்தக் கேள்விக்கு மலேசியாவிலேயே நீண்டகாலமாக விடை தேடி வருகிறார்கள். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இமா நிர்வானா சொலைமான் குழுவினர் எடுத்துக்கொண்டது செம்பனை எண்ணெயிலுள்ள வைட்டமின் 'இ'. அதில் ஏறக்குறைய 70 சதவீதம் டோகோட்ரையினால் என்ற வகை. டெக்ஸாமெத்தசோன் கொடுக்கப்பட்ட எலிகளின் எலும்பை இந்தச் செம்பனை வைட்டமின் பாதுகாத்ததை 2002இல் வெளியிட்டார்கள். சாதாரண வைட்டமின் 'இ' வகையைவிட டோகோட்ரையினால் எலி எலும்பில் ஆக்சிஜனேற்றத்தை நன்றாகத் தடுப்பதை 2008இல் காட்டினார்கள். நாசி உலாமில் நறுக்கிப் போடும் காடுக் இலையையும் அதே பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். நம் வெற்றிலைக்கும் மிளகுக்கும் உறவான செடி அது. எலும்பில் ஸ்டீராய்டின் வீரியத்தைக் கூட்டும் ஒரு நொதியை அதன் சாறு அடக்குவதை எலிகளில் கண்டார்கள்.

ஜொகூர்த் தோட்டங்களில் நம்மவர்கள் முதுகு ஒடியச் சுமந்த குலைக்குள்ளேயே எலும்பைக் காக்கக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது என்பது எனக்கு மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அது இன்னும் மருந்தாகவில்லை. இந்த முடிவுகள் எலிகளில் கிடைத்தவை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் வேறு தாவரத்திலிருந்து எடுத்த டோகோட்ரையினாலை 12 வாரம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், எலும்புக் கரைவின் அறிகுறிகள் குறைந்தன. ஸ்டீராய்டு சாப்பிடுவோரிடம் எலும்பு முறிவைத் தடுக்கும் என்று சொல்ல அது போதாது. செம்பனைச் சமையல் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றிக்கொள்வதாலும் பயனில்லை. சுத்திகரிக்கும்போது அந்த வைட்டமினில் ஒரு பகுதி பிரிந்துபோய்விடுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வைட்டமின் 'இ' மாத்திரையைத் தொடவே கூடாது.

நிரூபிக்கப்பட்ட பாதுகாப்பு இன்றே கையில் இருக்கிறது. பிரிட்டனில் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்த 2,44,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2000இல் வெளியான முடிவு இது: தினம் 2.5 முதல் 7.5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் எடுத்தவர்களுக்கு முதுகெலும்பு முறிவு இரண்டரை மடங்கு, அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு ஐந்து மடங்கு. மாத்திரை தொடங்கிய மூன்று மாதத்திலேயே ஆபத்து ஏறிவிடுகிறது, நிறுத்தியதும் இறங்குகிறது. ஆகவே காப்பும் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு தேவைப்பட்டால் மருத்துவரிடம் கேளுங்கள்: "இதைவிடக் குறைந்த அளவு போதுமா? எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கலாமா? எலும்பைக் காக்கும் மருந்து எனக்கு வேண்டுமா?" அலென்ட்ரோனேட் போன்ற மருந்துகள் கரைக்கும் செல்லை அடக்கும். டெரிபாரடைட் ஊசி கட்டும் செல்லைத் தூண்டும். உணவிலும் மாத்திரையிலுமாகச் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும், 600 முதல் 800 அலகு வைட்டமின் 'டி'யும் தேவை. கேழ்வரகு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, பால் எல்லாம் உதவும். நடைப்பயிற்சி வேண்டும், புகையும் மதுவும் வேண்டாம். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ புது வலி வந்தால் காத்திருக்காதீர்கள். தொடையெலும்பின் தலை ரத்தவோட்டமின்றிச் சாவதும் ஸ்டீராய்டின் விளைவுதான்.

ஒளித்துக் கலந்த ஸ்டீராய்டின் பெரிய கொடுமை, இந்தக் காப்பைத் தேடும் வாய்ப்பையே அது பறித்துவிடுவதுதான். தான் ஸ்டீராய்டு சாப்பிடுவதே தெரியாதவர் எலும்பு ஸ்கேனைப் பற்றி யாரிடம் கேட்பார்?

உங்கள் வீட்டு அலமாரியில் மூட்டுவலி மாத்திரை இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கின்றனவா? அந்த எண்ணை என்.பி.ஆர்.ஏ. இணையதளத்தில் சரிபாருங்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது அதை மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்திருந்தால், முகம் உருண்டு தோலில் ரத்தக்கட்டு தெரிந்தால், அவர்களாகவே திடீரென நிறுத்த விடாதீர்கள். உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் ஓய்ந்திருக்கும். சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு அரசு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். எலும்பு முறிந்த பிறகு செய்யும் எந்த வைத்தியத்தையும்விட இந்த ஒரு பயணம் மேலானது.

(தொடரும்)